சூரியன் வராத காலையைப் பற்றி சந்தூ அக்காவுக்கு

சியாம் ரீப்,
செவ்வாய்க்கிழமை காலை.

மெகாங் கரையில் கிராத்தி நகரத்தில் நலமாக வீற்றிருக்கும் என் மூத்த அக்கா சந்தூவின் பாதங்களுக்கு, தம்பி வண்ணாரா நெற்றிக்கு மேல் கை குவித்து எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தான் இப்போதாவது இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறாரா? ஆற்றில் வெள்ளம் இறங்கிவிட்டதா? இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி எழுதப் போவது அதற்கு நேர்மாறானது.

உன் மருமகள், என் மகள் மாலிஸின் கல்யாணம் நடக்காது அக்கா. நீ பட்டு எடுக்க வேண்டாம். எடுத்திருந்தால் தையற்காரியிடம் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் உன் அளவுக்கே தைத்துக்கொள். நீ எத்தனை முறை என் தொலைபேசிக்கு அழைத்தாயோ தெரியாது. அது அங்கோர் வாட் கோயிலின் முன்குளத்தில் தாமரைக் கொடிகளுக்கு அடியில் கிடக்கிறது. அதனால்தான் கடிதம். எப்படிக் கெட்டது என்று ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதற்கு முன், கெடுத்தவன் வாயாலேயே நீ கேட்டுவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

பையன் பிசெத்தின் அப்பா, அம்மா இரண்டு பேரும் கம்போங் சாமிலிருந்து சனிக்கிழமை மாலை வந்து இறங்கினார்கள். அவர் பெயர் தேப் சரித், பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா பெயர் நவி. இங்கே ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்து முதல் பேச்சைப் பேசுவது என்று ஏற்பாடு. முறைப்படி பையன் கூட வரக்கூடாதாம், வரவில்லை. சனிக்கிழமை இரவு நவி அம்மா போன் செய்து, "எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்கு அங்கோரைப் பத்திப் பாடம் நடத்தினவர், ஆனா ஒரு தடவை கூட வந்ததில்லைங்க. நீங்க வழிகாட்டியாமே, காலையில கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்கள். நீயே சொல், என்னிடம் இப்படிக் கேட்கலாமா? மீனைப் பார்த்து நீந்துவியா என்று கேட்ட மாதிரி. ஜெர்மனிக்காரர்களுக்கும் கொரியாக்காரர்களுக்கும் நான் நடத்துகிற தனிச் சூரியோதயச் சுற்றுலாவை அப்படியே நடத்திக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஐஸில் வைத்த ஈரத் துவாலை, பிளாஸ்கில் காப்பி, தூக்கில் பச்சை நிற மீன் குழம்பும் அரிசிச் சேவையும், குளிரூட்டிய கார். என் மகளைக் கட்டிக்கொண்டு நம் வழக்கப்படி பிசெத் என் வீட்டில்தானே வந்து இருக்கப் போகிறான்? அவன் எப்பேர்ப்பட்ட வீட்டுக்கு வரப் போகிறான் என்று அவர்கள் பார்க்கட்டுமே என்ற ஆசை. ஆசை என்று மரியாதைக்கு எழுதுகிறேன். அது கர்வம்.

காலை நாலரைக்குக் கார் கிளம்பவில்லை. தள்ளினேன், கும்பிட்டேன், திட்டினேன், கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுப் புந்தோனை எழுப்பி அவனுடைய ரெமோர்க்கை, அதாவது மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டிய அந்த இரண்டு சக்கரக் கூண்டை, வாங்கிக்கொண்டு போனேன். அவன் அதை ஒரு வாரமாக ஏதோ பல் வைத்தியருக்கு விளம்பரம் செய்ய வாடகைக்கு விட்டிருக்கிறான் என்பதை அரைத் தூக்கத்தில் சொல்லவில்லை. எந்தப் பாவி கம்பியை எப்படி இணைத்தானோ, முன்விளக்கைப் போட்டால் கூரை மேலிருக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்து பேசுகிறது. விளக்கை அணைத்தால் பாதை தெரியவில்லை, போட்டால் ஊரே எழுந்திருக்கிறது. அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு காட்டு மரங்களுக்கு நடுவே, பூச்சிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காத அந்தப் புனிதமான இருட்டில், "பல் ஆடுகிறதா? பயப்படாதீர்கள்! ஒரே இழுப்பு!" என்று கத்திக்கொண்டே போனோம். நான் வெட்கத்தில் ஒடுங்கிப்போனேன். வாத்தியார் மட்டும் பின்னாலிருந்து அமைதியாக, "எனக்கும் கடைவாய்ப் பல் ஒண்ணு ஆடுதுதான். முகவரி சொல்றாங்களான்னு கேப்போம்" என்றார். கிண்டலா நிஜமா என்று எனக்குப் புரியவில்லை. நகரத்து மாப்பிள்ளை வீட்டார் நம்மைக் குத்திக் காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அங்கே ஆரம்பித்தது என் கெட்ட காலம்.

அகழிப் பாலத்தில் இறங்கியதும் நான் வழக்கம்போல் என் வழிகாட்டிக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். இரண்டு பேருக்குக் கொடி எதற்கு என்று கேட்காதே. இருபத்திரண்டு வருடப் பழக்கம், கொடி இல்லாமல் எனக்கு நடக்க வராது. வாத்தியார் பின்தங்கிக்கொண்டே வந்தார். அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லுக்கும் நின்று நின்று வந்தார். "சீக்கிரம் வாங்கய்யா, நல்ல இடத்தைப் பிடிச்சிடுவாங்க" என்று நான் இரண்டு தடவை அதட்டினேன். ஆமாம் அக்கா, அதட்டினேன். மறைக்கமாட்டேன்.

குளக்கரையில் வழக்கமான கூட்டம். கொஞ்சம் இடித்து, கொஞ்சம் சிரித்து, முன்வரிசையில் இடம் பிடித்துக்கொடுத்துவிட்டு என் உரையைத் தொடங்கினேன். ஐந்து கோபுரம், மேரு மலை, ஏன் மேற்குப் பார்த்த வாசல், எல்லாம். குரலை எங்கே ஏற்றுவது எங்கே இறக்குவது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி, உனக்குத் தெரியும். இந்த உரையைக் கேட்டு ஒரு தடவை ஒரு நார்வேக்கார அம்மாள் அழுதிருக்கிறாள். வாத்தியாரோ "அப்படியா, ரொம்ப அழகு" என்றார். எதைப் பார்த்துச் சொன்னார் என்கிறாய்? கோபுரம் ஒரு பக்கம் இருக்க, அவர் முகம் காப்பிக் கடைகள் இருக்கும் பக்கம் திரும்பியிருந்தது. நான் இடது கோபுரத்தைக் காட்டினேன். "பிரமாதம்" என்றார், கடையைப் பார்த்துக்கொண்டே. எனக்கு உள்ளே கொதிக்க ஆரம்பித்தது. சரி, ஒரு படமாவது எடுத்து வைப்போம் என்று தொலைபேசியை எடுத்தேன். "இன்னும் கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க, கோபுரம் வரணும், குளமும் வரணும்" என்று சொல்லிக்கொண்டே நான் பின்னால் நகர்ந்தேன். கோபுரம் வந்தது. அவர்கள் வந்தார்கள். குளமும் வந்தது, என் முழங்கால் வரைக்கும். தொலைபேசி ஒரு துள்ளுத் துள்ளி உள்ளே போய்விட்டது. முன்வரிசையில் இருந்த அறுபது பேரும் கோபுரத்தை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தார்கள். ஏதோ ஒரு தேசத்தில் ஏதோ ஒரு வீட்டுச் சுவரில் உன் தம்பி தாமரை இலையோடு நிற்பான்.

நான் சேற்றோடு கரையேறி வந்து பார்க்கிறேன், வாத்தியார் இப்போதும் அந்தக் கடைகளைப் பார்த்துத்தான் நிற்கிறார். ஒருவன் குளத்தில் விழுந்து எழுந்து வந்திருக்கிறான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! எனக்குத் தாங்கவில்லை.

"வாத்தியாரய்யா, கோயில் இந்தப் பக்கம் இருக்கு. வந்ததுலேர்ந்து காப்பிக் கடையையே பார்த்துட்டு இருக்கீங்க. எங்க ஊர்க் கோயில் உங்க கண்ணுக்கே தெரியலையோ?"

இதை நான் சத்தமாகச் சொன்னேன் அக்கா. சுற்றி நம் ஆட்கள் பத்துப் பேராவது நின்றிருப்பார்கள். அவர் முகத்தை மெல்ல என் குரல் வந்த பக்கம் திருப்பினார். நவி அம்மாதான் பேசினார்கள், குரலை உயர்த்தாமல்.

"தெரியலைங்க. ஒரு வருஷமா அவருக்கு எதுவுமே தெரியலை. கண்ணுல அழுத்தம்னு சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணியும் நிக்கலை."

நான் தண்ணீரிலிருந்து கரையேறியது தப்பு, அங்கேயே கிடந்திருக்கலாம். அந்த இருட்டில் அவரை முதன்முதலாகப் பார்த்தவன் நான், எப்படித் தெரியும் என்று யாராவது எனக்காக வாதாடலாம். ஆனால் இருபத்திரண்டு வருடமாக மனிதர்களை அழைத்துக்கொண்டு நடக்கிறவனுக்கு, கூட வருகிறவர் காலை வைக்கும் விதத்தைப் பார்க்கத் தெரிய வேண்டாமா? எத்தனை பேருக்கு முன்னால் நடந்திருக்கிறேன். ஒருவரையாவது திரும்பிப் பார்த்திருக்கிறேனா என்று அந்த இடத்தில் நினைத்துப் பார்த்தேன். கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அதோடு வாயையும் சுருட்டி வைத்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வானமோ அடைத்துக் கிடக்கிறது, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் அடிப்பாகம் மாதிரி ஒரே கரி. சூரியன் வருகிற அறிகுறியே இல்லை. ஐந்தே முக்கால் ஆயிற்று, ஆறு ஆயிற்று. இத்தனை தூரம் வந்த மனிதருக்கு இதுவும் இல்லையா என்று எனக்குப் பொறுக்கவில்லை. திடீரென்று என் வாய் தானாகவே திறந்துகொண்டது. "வந்துடுச்சு! வாத்தியாரய்யா, சூரியன் வந்துடுச்சு! நடுக் கோபுரத்துக்கு வலப்பக்கம், பழுத்த பனம்பழம் மாதிரி! அஞ்சு கோபுரமும் ஊதின தணல் மாதிரி ஜொலிக்குது! குளத்துல தலைகீழா இன்னும் அஞ்சு!" என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறேன். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. பக்கத்தில் நின்ற நம்மூர்ப் படக்காரர் ஒருவர் பதறிப்போய், "எங்கண்ணே? எந்தப் பக்கம்?" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். நவி அம்மா வானத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள்.

வாத்தியார் கடைசி வரை கேட்டார். அப்புறம் சொன்னார்: "நல்லா சொன்னீங்க. எங்க பள்ளிக்கூடத்துல இருந்திருந்தா உங்களை நாடகத்துக்குப் போட்டிருப்பேன். ஆனா ஒரு சந்தேகம். சூரியன் வந்தா சுத்தி நிக்கறவங்க ஒரு சத்தம் போடுவாங்கல்ல, 'ஆ'ன்னு? ஒருத்தரும் போடலையே. எல்லாரும் பையைக் கட்டற சத்தம்தான் கேக்குது."

ஒரே காலையில் முதலில் கண் தெரியாத ஒருவரைக் கேலி செய்தேன், பிறகு அவரிடமே பொய் சொன்னேன். பெண்ணைப் பெற்றவன் செய்கிற காரியமா இது?

"உங்களுக்கு நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது. அவர் யோசித்து, "ஒரு கல்லைத் தொடணும்" என்றார்.

அக்கா, கோயிலில் தொடக்கூடாது என்பதுதான் என் தொழிலின் முதல் வாக்கியம். வந்தவர்களிடம் பெயர் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவேன். நான் அவர் கையை எடுத்து என் தோள் மேல் வைத்துக்கொண்டு, வந்த வழியே மெதுவாக நடத்திக் கூட்டிப்போய் வண்டியில் ஏற்றினேன். இப்போது வெளிச்சம் வந்துவிட்டதால் விளக்குத் தேவைப்படவில்லை, பல் வைத்தியரும் மௌனமாக வந்தார். கிழக்கே காட்டுக்குள் பேருந்துகள் நிற்காத ஒரு சின்னக் கோயில் உண்டு. பாதி விழுந்தது, விழுந்த கற்களை வெளியே வரிசையாக அடுக்கி வைத்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அங்கே காவலுக்கு இருப்பவள் மொம். ஊஞ்சல் வலையில் படுத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கயிற்றைத் தூக்கியதுதான் தாமதம், விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தாள்.

"வண்ணாரா அண்ணே! நீங்களா? போன மாசம் ஒரு ஆளு சுவத்துல சாஞ்சாருன்னு என்கிட்ட பிடிச்சுக் குடுத்து, அரை மணி நேரம் எனக்கே பாடம் எடுத்தீங்களே!"

"ஆமா மொம். என் பேர்ல புகார் எழுதிக்கோ. என் அட்டையையும் எடுத்துக்கோ" என்று கழுத்திலிருந்த உரிம அட்டையைக் கழற்றி நீட்டினேன். அது இல்லாவிட்டால் எனக்குச் சோறு இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

அவள் அட்டையை வாங்கவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள். அவர் நிற்கிற விதத்தைப் பார்த்தாள். எனக்கு ஒரு மணி நேரமாகத் தெரியாதது அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. "செதுக்கினதுகிட்ட மட்டும் வேணாம் ஐயா" என்று அவரிடம் சொன்னாள். "இந்த வரிசையில வெறும் கல்லுங்கதான். வாங்க, இங்க உக்காந்துக்கலாம்."

அவர் அந்தக் கல்லின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இரண்டு உள்ளங்கையையும் கல்மேல் வைத்து, மாட்டைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே போனார். ஒரு மூலையில் கை நின்றது. அந்தக் கற்களில் வட்டமாகத் துளைகள் இருக்கும், நீயும் பார்த்திருப்பாய். கட்டை அடித்துக் கயிறு கட்டித் தூக்குவதற்காகப் போட்டவை. சுட்டுவிரலை உள்ளே விட்டார். முழு விரலும் போயிற்று.

"நவி, இங்க வா. உன் விரலையும் விட்டுப் பாரு" என்றார். "முப்பத்தொரு வருஷம் இதைக் கரும்பலகையில வட்டம் வட்டமா வரைஞ்சேன். இவ்வளவு ஆழம்னு எனக்குத் தெரியாது."

அந்த அம்மாவும் விட்டார்கள். பிறகு அவர் என்னிடம், குலேன் மலையில் வெட்டிய கல்லை எந்தக் கால்வாய் வழியாக, எந்த மாதத்து வெள்ளத்தில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்திருப்பார்கள் என்று ஈர மண்ணில் விரலால் கோடு போட்டுச் சொன்னார். நான் இத்தனை வருடமாக யானை இழுத்துக்கொண்டு வந்தது என்றே எல்லோருக்கும் சொல்லி வந்தேன். யானைதான் படத்துக்கு நன்றாக இருக்கும். வாயைத் திறக்காமல் கேட்டேன். ஒரு மணி நேரம் அவர் ஒவ்வொரு கல்லாகத் தொட்டார். மழை தூறியது, யாரும் எழுந்திருக்கவில்லை. மொம் கீரைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவளும் கேட்டாள். சேவை குழம்பில் ஊறிக் கூழாகிப்போயிற்று. நாலு பேரும் அதைத்தான் தின்றோம்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைப்பாய். நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்தோம். மாலிஸ் விரிப்புப் போட்டு, பழமும் தேநீரும் வைத்துத் தயாராக இருந்தாள். அவர் தேநீரை மட்டும் குடித்தார். கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை. பத்தரை மணிக்கு நவி அம்மா எழுந்து, "பகல் பஸ்ஸைப் பிடிக்கணுங்க. நாங்க சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? நம் வீட்டிலேயே எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். மாலிஸ் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சோறு போடுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். "அவருக்கு என்னப்பா காட்டினீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். குளத்தில் விழுந்ததை மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்ல முடியவில்லை. அவள் அம்மா போய் ஆறு வருடத்தில் இந்த வீட்டில் இப்படி ஒரு நிசப்தம் இருந்ததில்லை. நல்ல பையன் அக்கா. அவன் அப்பா அவனைவிட நல்ல மனிதர். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஆகையால் நீ புறப்பட வேண்டாம். அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. இந்தப் பாவி தம்பியை மனதார மன்னித்து, உன் வீட்டுப் பூசை விளக்கின் முன்னால் மாலிஸுக்காக ஓர் ஊதுவத்தி கொளுத்து. உனக்கும் அத்தானுக்கும் குழந்தைகளுக்கும் புத்தர் நீண்ட ஆயுளும் நோயற்ற உடம்பும், என்னைப்போல் அல்லாத சம்பந்திகளும் அருளட்டும்.

வணங்கும் தம்பி,
வண்ணாரா.

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடு. உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வாத்தியார், நவி அம்மா, கம்போங் சாம் பெரியவர்கள் ஒன்பது பேர், கையில் பழத்தட்டுகள்! பெரியவர்கள் இல்லாமல் பெண் கேட்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லையாம், அழைத்து வரத்தான் போனார்களாம். கண் விஷயம் மாலிஸுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடமும் பையனிடமும் வாத்தியாரே சத்தியம் வாங்கியிருக்கிறார். "அவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்கும் தெரியாதுப்பா, மூணு நாளா நானும் செத்துட்டுதான் இருந்தேன்" என்று இப்போது என் தோளில் அழுகிறாள். எதற்கு இந்தச் சோதனை என்று அவரிடமே கேட்டேன். "என் பையன் உங்க வீட்லதானே இருக்கப் போறான்? குருடன்னு தெரிஞ்சா எல்லாரும் நல்லவங்களா ஆயிடறாங்க. தெரியாதப்ப நீங்க எப்படின்னு பார்க்கணும்னு தோணிச்சு" என்றார். எப்படி இருந்தேன் என்றேன். "மோசம். தெரிஞ்சதுக்கு அப்புறம் அதைவிட மோசம். ஆனா வாய் மூடாத மனுஷன், நான் கல்லைத் தொட்டுட்டு இருந்தப்ப ஒரு மணி நேரம் பேசாம இருந்தீங்க பாருங்க. அதுக்குத்தான் பையனைத் தர்றேன்" என்றார். பிக்கு நாள் குறித்துவிட்டார், பிக்குகளின் மழைக்காலத் தவம் முடிந்து எட்டாம் நாள். உடனே கிளம்பு. பட்டோடு வா. உங்கள் ஊர் மூங்கில் சோறு அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம், சூடாக நாலு கட்டு வாங்கிக்கொள். எப்படி இருக்கும் என்று நான் விளக்கப் போவதில்லை. பேசாமல் கையில் கொடுத்துவிடுகிறேன்.